எம்.பி.ஏ. பட்டத்தின் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மேலாண்மைத் துறையில் பாடம் நடத்துகிறேன். மே, ஜூன் மாதங்களில் எங்கள் துறைக்கு மாணவர்களைவிடப் பெற்றோர்தான் அதிகம் வருவார்கள். போன வருடம் கரூரிலிருந்து ஒரு அப்பா வந்திருந்தார். துணி ஏற்றுமதி செய்யும் யூனிட் ஒன்றில் சூப்பர்வைசர். மஞ்சள் பையிலிருந்து இரண்டு பிராஸ்பெக்டஸை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் எம்.பி.ஏ., இன்னொன்றில் பி.ஜி.டி.எம். (மேலாண்மை முதுநிலை டிப்ளமோ) என்று போட்டிருந்தது. "ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றாங்க சார். ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு பேரு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமானால் நூறு வருடம் பின்னால் போக வேண்டும். அன்று அவரிடம் சொன்னதையும், பிறகு பலர் கேட்டதற்குச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

எம்.பி.ஏ. என்பது உண்மையில் என்ன படிப்பு?

மாஸ்டர் ஆஃப் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன். தமிழில் வணிக நிர்வாக முதுகலை என்பார்கள். ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் முடித்தவர் ஒரு நிறுவனத்தை நடத்தத் தேவையானவற்றைப் படிக்கும் முதுநிலைப் படிப்பு இது. கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், உற்பத்தி, மனிதவளம், உத்தி என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு, பிறகு ஒன்றிரண்டில் ஆழமாகப் போகும்.

மருத்துவம், சட்டம் போல இதைப் படித்தால்தான் தொழில் செய்யலாம் என்று சட்டம் எதுவும் கிடையாது. பட்டமே இல்லாமல் பெரிய கம்பெனி நடத்தியவர்கள் உண்டு. ஆகவே இந்தப் பட்டம் தன் மதிப்பைத் தானே நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இப்படி ஒரு பட்டம் வருவதற்கு முன் வியாபாரத்தை எப்படிக் கற்றார்கள்?

கடையில் உட்கார்ந்துதான். அப்பாவிடமோ மாமாவிடமோ முதலாளியிடமோ, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கற்றார்கள். அமெரிக்காவிலும் அதே கதைதான். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் தனியார் வணிகப் பள்ளிகள் முளைத்தன. பேரேடு எழுதுவது, கையெழுத்தை அழகாக்குவது, வட்டிக் கணக்கு ஆகியவை பாடம். ஜான் டி. ராக்ஃபெல்லர் 1855-இல் கிளீவ்லாந்தில் அப்படி ஒரு பள்ளியில் சில மாதம் கணக்கு எழுதக் கற்றுவிட்டு, 16 வயதில் உதவிக் கணக்கராக வேலைக்குச் சேர்ந்தார். எண்ணெய்த் தொழிலில் உலகிலேயே பெரிய பணக்காரராக ஆனவரின் வணிகக் கல்வி அவ்வளவுதான்.

ஐரோப்பா கொஞ்சம் முந்திக்கொண்டது. பாரிஸில் இன்று இ.எஸ்.சி.பி. என்று அழைக்கப்படும் வணிகப் பள்ளி 1819-இலேயே தொடங்கிவிட்டது. நம் ஊரில் 1886-இல் சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளை ஒரு வணிகப் பள்ளி தொடங்கியது. இந்திய வணிகக் கல்வியின் வரலாற்றைப் பெரும்பாலும் அங்கிருந்துதான் எழுதத் தொடங்குகிறார்கள். ஆனால் இவை எதுவும் முதுநிலைப் பட்டம் இல்லை.

அப்படியானால் முதல் முதுநிலைப் பட்டம் எங்கே?

இதில் மூன்று பெயர்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். மூன்றும் அமெரிக்கா.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி 1881-இல் வந்தது. இரும்பு, நிக்கல் தொழிலில் சம்பாதித்த ஜோசப் வார்ட்டன் ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். பல்கலைக்கழகத்துக்குள் வணிகம் நுழைந்தது அப்போதுதான். ஆனால் அது இளநிலைப் படிப்பு.

டார்ட்மத் கல்லூரியில் டக் பள்ளி 1900-இல் வந்தது. எட்வர்ட் டக் என்பவர் தன் தந்தையின் நினைவாகக் கொடுத்த பணம். வணிகத்தில் முதல் முதுநிலைப் பள்ளி இதுதான். ஆனால் பட்டத்தின் பெயர் எம்.பி.ஏ. இல்லை, வணிக அறிவியல் முதுகலை.

எம்.பி.ஏ. என்ற பெயரோடு முதல் பட்டப்படிப்பு ஹார்வர்டில் 1908-இல் தொடங்கியது. முழுநேர மாணவர் 33 பேர், சில பாடங்களுக்கு மட்டும் வந்தவர்கள் 47 பேர். இன்று உலகமெங்கும் தெருவுக்குத் தெரு இருக்கும் படிப்பு, 80 பேரோடு தொடங்கியிருக்கிறது.

அந்த முதல் மாணவர்கள் என்ன படித்தார்கள்?

கட்டாயப் பாடம் மூன்று: கணக்கியல், வணிக ஒப்பந்தங்கள், அமெரிக்காவின் பொருளாதார வளங்கள். மீதி விருப்பப் பாடங்கள். ரயில்வே அன்றைக்கு நாட்டின் மிகப்பெரிய தொழில், அதனால் அதற்கும் இடம் இருந்தது.

முதல் டீன் எட்வின் கே வியாபாரி கிடையாது, பொருளாதார வரலாற்று ஆசிரியர். இரண்டு பக்கமிருந்தும் அவருக்குப் பிடுங்கல். பணம் பண்ணுவதைச் சொல்லிக்கொடுக்கவா பல்கலைக்கழகம் என்று பேராசிரியர்கள் முகம் சுளித்தார்கள். புத்தகம் படித்தால் வியாபாரம் வந்துவிடுமா என்று வியாபாரிகள் கேட்டார்கள். எம்.பி.ஏ. பிறந்ததே இரண்டு வீட்டுப் பிள்ளையாகத்தான். ஒரு வீடு கடை, இன்னொரு வீடு கல்லூரி. பிறகு வந்த நூறு வருட மாற்றங்களையெல்லாம் இந்த இழுபறியை வைத்தே புரிந்துகொள்ளலாம் என்பது என் கருத்து.

கேஸ் ஸ்டடி என்கிறார்களே, அது என்ன? எப்படி வந்தது?

1919-இல் ஹார்வர்டின் இரண்டாவது டீனாக வாலஸ் டோனம் வந்தார். சட்டம் படித்தவர், வங்கியில் வேலை பார்த்தவர். சட்டப் பள்ளியில் பழைய வழக்குகளை மாணவர் முன் வைத்து வாதாட வைப்பார்கள். வணிகத்திலும் அப்படியே செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. சட்டத்துக்குத் தீர்ப்புகள் அச்சில் இருந்தன, வணிகத்துக்கு எதுவும் இல்லை. ஆகவே ஆட்களைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பி, நடந்த சிக்கல்களை எழுதிவரச் சொன்னார். அப்படி எழுதியதுதான் கேஸ்.

1921-இல் எழுதப்பட்ட முதல் கேஸ்களில் ஒன்று ஒரு ஷூ கம்பெனியைப் பற்றியது. மொத்தமே ஒரு பக்கம். தொழிலாளர்கள் வேலை நேரம் முடிவதற்கு வெகு முன்பே வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்பத் தயாராகிவிடுகிறார்கள். நிர்வாகம் எதை விசாரிக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்? பதில் அதில் இல்லை.

இந்தக் கேஸ் எனக்கு மிகவும் பிடிக்கும். இதே நிலைமையை ஊர் பெயர் மாற்றி என் வகுப்பில் வைப்பேன். முதல் கை எப்போதும், "சம்பளத்தைப் பிடிக்கணும் சார்" என்று எழும். எதற்கு என்று கேட்டால் "ஒழுக்கம் இல்லை" என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து யாராவது, "கைகழுவ எத்தனை குழாய் இருக்கு சார்?" என்று கேட்பார்கள். அடுத்து ஒருத்தி, "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்பாள். பிறகு ஒரு பையன், "கூலி நாள் கணக்கா, பீஸ் கணக்கா?" என்பான். முக்கால் மணி நேரத்தில் வகுப்பு முழுக்க, தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு விசாரிக்கத் தொடங்கியிருக்கும். கேஸ் முறை செய்யும் வேலை அதுதான். அதை விரிவுரையால் செய்ய முடியாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

கேஸ் நடத்தும் வகுப்புக் கூடம் குதிரை லாட வடிவில் இருப்பதும், மாணவர் முன்னால் பெயர்ப்பலகை வைப்பதும் இதற்காகத்தான். மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டும். ஆசிரியர் எந்த நொடியிலும் யாரையும் பெயர் சொல்லி எழுப்புவார்.

பிறகு ஏன் எம்.பி.ஏ.வில் இவ்வளவு கணிதமும் புள்ளியியலும் இருக்கிறது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, போரிலிருந்து திரும்பியவர்களின் படிப்புச் செலவை அமெரிக்க அரசு ஏற்றது. கல்லூரிகள் நிரம்பி வழிந்தன, வணிகப் பள்ளிகளும் பெருகின. தரம் அந்த வேகத்துக்கு ஏறவில்லை.

1959-இல் இரண்டு அறிக்கைகள் வந்தன. ஒன்றுக்கு ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்தது, இன்னொன்றுக்கு கார்னெகி நிதி. இரண்டும் ஒரே குரலில் சொன்னவை இவை: பாடங்கள் மேலோட்டமாக இருக்கின்றன, ஆசிரியர்கள் ஆராய்ச்சி செய்வதில்லை, மாணவர் சேர்க்கையில் கண்டிப்பு இல்லை. அடி பலமாக விழுந்தது. பள்ளிகள் பொருளாதாரம், உளவியல், புள்ளியியல் படித்த முனைவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தன. பிட்ஸ்பர்க்கில் கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தின் பள்ளி இதற்கு முன்மாதிரியாக நின்றது. முடிவெடுத்தல் பற்றிய ஆய்வுக்காக 1978-இல் நோபல் பரிசு வாங்கிய ஹெர்பர்ட் சைமன் அங்கேதான் இருந்தார்.

கடை வீட்டிலிருந்து பிள்ளை கல்லூரி வீட்டுக்குக் குடிபோன காலம் அது. அறிவுக்கு அது பெரிய லாபம். ஆனால் ஒரு நாளும் தொழிற்சாலைக்குள் கால் வைக்காதவர் உற்பத்தி மேலாண்மை நடத்தும் வழக்கமும் அப்போதுதான் வேர்விட்டது. அதை இன்றும் எங்கள் துறையில் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

இந்தியாவுக்கு எப்படி வந்தது?

ஜாம்ஷெட்பூரில் இயேசு சபையினர் 1949-இல் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. என்ற கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கல்கத்தாவில் 1953-இல் சமூக நலம், வணிக மேலாண்மை இரண்டுக்குமான ஒரு கழகம் வந்தது. விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகம் 1957-இல் எம்.பி.ஏ. தொடங்கியது.

பெரிய திருப்பம் 1961. அந்த ஆண்டு நவம்பரில் கல்கத்தாவிலும் டிசம்பரில் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள், அதாவது இந்திய மேலாண்மைக் கழகங்கள், தொடங்கப்பட்டன. அரசுத் துறைத் தொழிற்சாலைகள் வேகமாக எழுந்த காலம். பொறியாளர் கிடைத்தார்கள், நிர்வகிக்கத் தெரிந்தவர்கள் போதவில்லை. ஃபோர்டு அறக்கட்டளை உதவியது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கல்கத்தாவுக்குத் துணை நின்றது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளி, அகமதாபாத்துக்கு ஹார்வர்டு. எண்களும் மாதிரிகளும் ஒரு பக்கம், கேஸ் விவாதம் இன்னொரு பக்கம். அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக நடந்த இழுபறியின் இரண்டு முனைகளும் ஒரே வருடத்தில் இங்கே இறங்கின. கல்கத்தா என்றால் கணக்கு, அகமதாபாத் என்றால் கேஸ் என்று இன்றும் சொல்வதன் வேர் அதுதான்.

அகமதாபாத்தை உருவாக்க முன்னின்றவர்கள் விக்ரம் சாராபாயும் ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாயும். ஆசிரியர்கள் ஹார்வர்டுக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்தார்கள். 1965-இல் முதல் முழுநேர இயக்குநராக ரவி மத்தாய் வந்தார், சுதந்திர இந்தியாவின் நிதியமைச்சர்களில் ஒருவரான ஜான் மத்தாயின் மகன். நிறுவனத்தை நிலைநிறுத்திய பிறகு 1972-இல் இயக்குநர் பதவியை விட்டு இறங்கி, அதே நிறுவனத்தில் சாதாரணப் பேராசிரியராகத் தொடர்ந்தார். பிறகு ராஜஸ்தானின் ஜவாஜா என்ற வறண்ட பகுதிக்குப் போய், நெசவாளர்களோடும் தோல் தொழிலாளர்களோடும் வேலை செய்தார். மேலாண்மை என்றாலே கண்ணாடிக் கட்டடமும் கோட்டும் சூட்டும் என்று நினைக்கும் மாணவர்களுக்கு இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

பெங்களூர் ஐ.ஐ.எம். 1973, லக்னோ 1984. நம் திருச்சிக்கு 2011-இல் வந்தது. அதற்கு வெகு முன்பே, 1971-லேயே, கோவையில் பி.எஸ்.ஜி. மேலாண்மைக் கல்வியைத் தொடங்கியிருந்தது.

ஐ.ஐ.எம். ஏன் பல வருடம் பட்டம் தராமல் டிப்ளமோ மட்டும் தந்தது?

1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் அந்த உரிமை கொடுத்த நிறுவனங்களுக்கும்தான் உண்டு. ஐ.ஐ.எம்.கள் பல்கலைக்கழகமாக இல்லை, சங்கமாகப் பதிவு செய்யப்பட்டவை. அதில் ஒரு வசதி இருந்தது. பாடத்திட்டத்தை மாற்ற யாரிடமும் கேட்க வேண்டாம். அதற்குக் கொடுத்த விலைதான் பட்டத்தின் பெயர். முதுநிலை டிப்ளமோ என்று மட்டுமே போட முடிந்தது.

2017-ஆம் ஆண்டின் ஐ.ஐ.எம். சட்டம் 2018 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு அவை எம்.பி.ஏ. பட்டமே தருகின்றன.

அப்படியானால் பி.ஜி.டி.எம்.மும் எம்.பி.ஏ.வும் ஒன்றா, வேறா?

கரூர்க்காரரின் கேள்வி இது. பல்கலைக்கழகமும் அதோடு இணைந்த கல்லூரியும் தருவது எம்.பி.ஏ. எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணையாத தனி நிறுவனம், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரத்தோடு தருவது பி.ஜி.டி.எம். பாடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எக்ஸ்.எல்.ஆர்.ஐ. போன்ற முன்னணி இடங்கள் காலங்காலமாகத் தந்தது டிப்ளமோதான், வேலைக்கு எடுப்பவர்கள் அதைக் குறைவாகப் பார்த்ததில்லை.

சிக்கல் வேறு இடத்தில். தனி நிறுவனம் என்பதால் பாடத்தையும் தேர்வையும் அதுவே நடத்தும். நல்ல கையில் அது சுதந்திரம். மோசமான கையில் கேட்க ஆளில்லாத நிலை. பின்னால் முனைவர் பட்டத்துக்கோ அரசு வேலைக்கோ போகும் எண்ணம் இருந்தால், அந்த டிப்ளமோவுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சமநிலை அங்கீகாரம் உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு வருடப் படிப்பு, இரண்டு வருடப் படிப்பு: எது அசல்?

இரண்டும் அசல்தான். அமெரிக்க வழி இரண்டு வருடம், நடுவில் கோடை விடுமுறையில் ஒரு கம்பெனியில் பயிற்சி. ஐரோப்பிய வழி ஒரு வருடம். பாரிஸுக்குப் பக்கத்தில் ஃபோந்தேன்ப்ளோவில் 1957-இல் நிறுவப்பட்ட இன்சியாட் என்ற வணிகப் பள்ளி அந்த வழியைப் பரப்பியது. லண்டன், மான்செஸ்டர் பள்ளிகள் 1960-களின் நடுவில் வந்தன. இந்தியாவில் ஒரு வருடப் படிப்பைப் பிரபலமாக்கியது 2001-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய ஐ.எஸ்.பி. என்ற வணிகப் பள்ளி. ஒரு வருடம் என்பது ஏற்கெனவே வேலை பார்த்தவருக்காகத் தைத்த சட்டை. கல்லூரி முடித்த கையோடு போடுபவருக்குத் தொளதொளவென்று இருக்கும்.

எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.?

வேலையை விடாமல் படிப்பது. சிகாகோ பல்கலைக்கழகம் 1943-இல் தொடங்கியது. வகுப்பு வார இறுதியிலோ, மாலையிலோ, மொத்தமாகச் சில வாரங்களிலோ இருக்கும். கம்பெனி கட்டணத்தில் பங்கு கொடுத்தால் யோசிக்கலாம்.

எம்.காம்.முக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எம்.காம். வணிகவியலை ஒரு கல்வித் துறையாக ஆழமாகப் படிப்பது. கணக்கியல், வரி, தணிக்கை, கல்லூரி ஆசிரியர் வேலை என்று போகிறவர்களுக்கு அதுவே பொருத்தம். எம்.காம். படித்தவரை எம்.பி.ஏ.வுக்குக் கீழே வைத்துப் பேசுவது நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம். ஐரோப்பாவில் இரண்டுக்கும் நடுவில் மாஸ்டர் இன் மேனேஜ்மென்ட் என்று ஒன்று இருக்கிறது. அது வேலை அனுபவம் இல்லாத இளைஞர்களுக்கானது.

வேலை அனுபவம் கட்டாயமா?

வெளிநாட்டில் நல்ல பள்ளிகள் பெரும்பாலும் சில வருட அனுபவம் எதிர்பார்க்கும். இங்கே ஐ.ஐ.எம்.களில் சேர்வதற்கான கேட் நுழைவுத் தேர்வெழுத அனுபவம் தேவையில்லை. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வுக்கும் தேவையில்லை. பொறியியல் முடித்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் நேரே வந்து உட்காருகிறார்கள். சரியாகச் சொன்னால், நம் நாட்டு எம்.பி.ஏ. பெரும்பாலும் ஐரோப்பாவின் மாஸ்டர் இன் மேனேஜ்மென்டுக்குத்தான் நெருக்கம், பெயர் மட்டும் அமெரிக்காவுடையது.

என்னைக் கேட்டால் இரண்டு வருடமாவது வேலை பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். மாதக் கடைசியில் சரக்கு தேங்கி நின்றதைக் கண்ணால் பார்த்தவர் கேட்கும் கேள்வியே வேறு. வீட்டுச் சூழல் அதற்கு இடம் கொடுக்காது என்பதும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் விடுமுறையில் மாமாவின் கடையிலாவது உட்காருங்கள்.

பெண்களுக்கு இந்தப் படிப்பு எப்போது திறந்தது?

ஹார்வர்டின் இரண்டு வருட எம்.பி.ஏ.வில் பெண்களை முதலாண்டிலிருந்தே சேர்த்தது 1963-இல்தான். எட்டுப் பேர் சேர்ந்தார்கள். பள்ளி தொடங்கி ஐம்பத்தைந்து வருடம் கழித்து! அதற்கு முன் 1937 முதல் ராட்கிளிஃப் பெண்கள் கல்லூரியில் ஊழியர் நிர்வாகம் என்று ஒரு தனிப் பயிற்சி நடந்தது.

சென்னையில் பிறந்து, சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்த இந்திரா நூயி, 1976-இல் கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் முதுநிலை டிப்ளமோ முடித்தார். 1980-இல் யேல் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளியில் பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தின் பெயர் அப்போது பொது, தனியார் மேலாண்மை முதுகலை. யேல் அதை எம்.பி.ஏ. என்று மாற்றியது 1999-இல். பெப்சிகோவின் தலைமைக்கு உயர்ந்தவரின் சான்றிதழ்கள் இரண்டிலுமே எம்.பி.ஏ. என்ற எழுத்துகள் இல்லை. பெயரைப் பார்த்துப் பதறும் பெற்றோரிடம் இதைச் சொல்வதுண்டு.

2008 நிதி நெருக்கடிக்கு எம்.பி.ஏ.க்கள்தான் காரணம் என்கிறார்களே?

முழுப் பழியையும் ஒரு பட்டத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் கேள்வி நியாயமானது. நெருக்கடியில் சிக்கிய வங்கிகளின் மேல்மாடிகளில் இந்தப் பட்டக்காரர்கள் நிறையவே இருந்தார்கள். 2009-இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றவர்களில் ஒரு பகுதியினர், மருத்துவர்கள் எடுப்பதைப் போல, நேர்மையாக நிர்வகிப்போம் என்று ஓர் உறுதிமொழியை எழுதி ஏற்றார்கள். மருத்துவர் தவறினால் பதிவை ரத்துசெய்ய மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. மேலாளருக்கு அப்படி ஒன்று இல்லை. அதனால் நெறியியல் பாடத்தை ஒப்புக்கு ஒரு தாளாக வைக்காமல், நிதி வகுப்பிலேயும் சந்தைப்படுத்தல் வகுப்பிலேயும் பேச வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது என்ன கேட்கலாம்?

இந்த வருடத்துக்கான அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், போன வருடத்தையது வேண்டாம். சான்றிதழில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும் என்று கேளுங்கள். அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒரு பையனுடையதாக இருக்கலாம். சம்பளத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மாணவனுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். முடிந்தால் ஒரு வகுப்பில் பின்வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி வாங்குங்கள். மாணவர் கேள்வி கேட்கிறார்களா, ஸ்லைடைப் பார்த்து எழுதிக்கொண்டு மட்டும் இருக்கிறார்களா என்று அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கரூர்க்காரரும் நானும் அன்று இரண்டு பிராஸ்பெக்டஸையும் கடைசிப் பக்கம் வரை வாசித்தோம். பி.ஜி.டி.எம். புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில், பொடி எழுத்தில், அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை இரண்டு முறை படித்தார். "மகன் பேரைக்கூட எழுதிட்டேன் சார்" என்றபடி அதன் நடுவிலிருந்து நிரப்பிய விண்ணப்பத்தை உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புத்தகத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.